மேல் வீட்டுச் சத்தமும் கீழ் வீட்டுத் தட்டலும்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: ஊரிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்து, ஈசூன் வட்டாரத்தில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். மேல் வீட்டில் ராத்திரி பதினொன்றுக்குமேல் நாற்காலி இழுக்கிறார்கள், கோலிக்குண்டு உருட்டுகிறார்கள். உங்கள் பையன் ஹாலில் நாலு ஓட்டம் ஓடினால், கீழ் வீட்டுக்காரர் கட்டையால் மேலே இடிக்கிறார். போலீசைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் இங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான நம் பாஸுக்கு ஏதும் வில்லங்கம் வருமா என்று கேட்கிறீர்கள்.

போலீஸ் வேண்டாம். அடிதடி, மிரட்டல் என்றால் தாராளமாக 999-ஐக் கூப்பிடுங்கள், அது வேறு. நாற்காலிச் சத்தத்துக்கு அவர்கள் வந்தால் இரண்டு பக்கமும் பேசிவிட்டு, அனுசரித்துப் போகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் காலை அதே லிஃப்டில் அந்த ஆளோடு நீங்கள்தான் நிற்க வேண்டும். பாஸ் பயமும் வேண்டாம். இங்கே இதை அண்டை வீட்டுத் தகராறாகத்தான் பார்க்கிறார்கள், குற்ற வழக்காக அல்ல.

முதலில் அந்தக் கோலிக்குண்டு. சிங்கப்பூரில் வீவக வீட்டில் இருந்த யாரைக் கேட்டாலும் இந்தக் கதை சொல்வார்கள், பேய்க் கதையாகக்கூடச் சொல்வார்கள். வெயிலிலும் குளிரிலும் கட்டடப் பொருள்கள் விரிந்து சுருங்குவது, குழாயில் ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது ஏற்படும் அதிர்வு, இப்படிப் பல காரணங்களால் அந்தச் சத்தம் வரும். அதோடு, கான்கிரீட்டில் சத்தம் எங்கே கிளம்பி எங்கே கேட்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் புளோக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தில், ஒருவர் மாதக்கணக்கில் மேல் வீட்டுக்காரரோடு முறைத்துக்கொண்டு திரிந்தார். கடைசியில் மேல் வீடு மொத்தமும் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்த வாரத்திலும் கோலி உருண்டது! அதனால் கோலியை விட்டுவிடுங்கள். நாற்காலி நிஜம், அதற்கு வருகிறேன்.

ஆனால் உங்கள் கேள்வியில் முக்கால்வாசி மேல் வீட்டைப் பற்றி இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கீழ் வீட்டில்தான் தொடங்குவேன். மேல் வீட்டு நாற்காலி உங்கள் கையில் இல்லை, உங்கள் வீட்டுத் தரை இருக்கிறது. மேலே போய்ப் பேசும்போதும், கீழ் வீட்டுக்காக நீங்கள் ஏற்கெனவே சில காரியம் செய்திருந்தால் பேச்சுக்கு ஒரு கனம் வரும்.

நம் வீடுகளில் சத்தம் எதிலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். காலை ஆறு மணிக்குச் சட்னி அரைக்கிற மிக்ஸி. தரையில் வைத்து ஓட்டுகிற கிரைண்டர். இஞ்சி பூண்டு தட்டுகிற உரல். உரலுக்கு அடியில் தடித்த துணியை நாலாக மடித்துப் போடுங்கள், கிரைண்டருக்கு ரப்பர் விரிப்பு. மாவு தேக்காவில் (லிட்டில் இந்தியா) பாக்கெட்டாகவே கிடைக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன், வீட்டில் திட்டு வாங்கினால் நான் பொறுப்பில்லை. நாற்காலிக் கால்களில் ஒட்டும் சின்ன வட்டப் பஞ்சு எந்தப் புளோக் கீழே இருக்கும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். பையன் ஓடும் இடத்தில் ஃபோம் விரிப்பு.

இன்னொன்று நம்மவர்களுக்குத் தெரிவதே இல்லை. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே அம்மா சாப்பிட்டு முடித்து எட்டரைக்கு வீடியோ காலில் வந்து உட்காரும்போது இங்கே மணி பதினொன்று. போன் ஸ்பீக்கரில் இருக்கும், அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஜன்னல் பொது நடைபாதையைப் பார்த்துத் திறந்திருக்கும். தாத்தாவின் முழங்கால் வலி அந்த வரிசையில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் தெரிந்துவிடும். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஞாயிறு பகலில் பேசுங்கள்.

அமைதி நேரம் என்று இங்கே வெகுகாலமாகச் சொல்லிவருவது இரவு 10.30 முதல் காலை 7 வரை. 2022-ல் அரசு அமைத்த ஆலோசனைக் குழு அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டச் சொன்னது. நீங்கள் பத்து முதல் எட்டு என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வம்பில்லை.

இதெல்லாம் செய்த பிறகு கீழ் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கட்டை இடிக்கிற நேரத்தில் போகக் கூடாது. சனி, ஞாயிறு காலை பத்து பதினொன்று நல்ல நேரம். பையனையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், கையில் கொஞ்சம் ஆரஞ்சு. சீனர் வீடு என்றால் எண்ணிக்கை நாலாக இருக்க வேண்டாம். மலாய்க்காரர் வீடு என்றால் வீட்டுப் பலகாரத்தைவிட ஹலால் முத்திரை போட்ட டின் நல்லது. வயதானவர்களை ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். ஆன்ட்டிக்குச் சீனம் மட்டும்தான் தெரியும் என்றால், மகனோ மகளோ வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

போய் ‘ஏன் இடிக்கிறீர்கள்’ என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. ‘பையன் ஓடுவது தொந்தரவாக இருக்குமே, எந்த நேரத்தில், எந்த அறையில் அதிகம் கேட்கிறது’ என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். அவர் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவராக இருக்கலாம், உங்கள் ஹாலுக்கு நேர் கீழே கைக்குழந்தை தூங்கலாம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் பையனைக் கீழே விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப் போனால் பாதி தீர்ந்தது. உங்கள் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கட்டைக்குப் பதில் செய்தி வரும்.

மேல் வீட்டுக்கும் இதே வழிதான். கூடுதலாக, பஞ்சு வட்டம் இரண்டு பாக்கெட் வாங்கி ஒன்றை அவர்களுக்குக் கொடுங்கள். சிரித்துக்கொண்டே ஒட்டிவிடுவார்கள். கண்டுகொள்ளாதவர்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். அவர்களுக்காகத் தேதி, நேரம், என்ன சத்தம் என்று போனில் குறித்து வைத்துக்கொண்டே வாருங்கள். புகாரோடு மேலிடத்துக்குப் போக வேண்டி வந்தால் கோபத்தைவிட அந்தக் குறிப்புக்குத்தான் மதிப்பு.

மேலிடம் என்றால், முதலில் வீட்டு ஓனர். நீங்கள் வாடகைக்காரர், அவருக்குத் தெரியாமல் புகார் போனால் அவருக்கும் உங்களுக்கும் கசப்பாகிவிடும். அப்புறம் குடியிருப்புப் புகார்களுக்கான அரசின் ஒன்சர்வீஸ் செயலியில் சொல்லலாம். அதன் பிறகு சமூக சமரச நிலையம். 1998-லிருந்து இருக்கிறது, வக்கீல் தேவையில்லை. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் பேச வைப்பார்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். 2011-ல் ஒரு குழம்பு விவகாரம் பெரிதாகப் பேசப்பட்டது. சீனாவிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்று பக்கத்து இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசனை தாங்கவில்லை என்று சமரசத்துக்குப் போனது. சீனக் குடும்பம் வீட்டில் இல்லாதபோது குழம்பு வைப்பதாக இந்தியக் குடும்பமும், குழம்பைச் சாப்பிட்டுப் பார்ப்பதாகச் சீனக் குடும்பமும் ஒத்துக்கொண்டார்கள். செய்தி வெளியானதும் ஊரே கொதித்தது. அந்த ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனர், மலாய்க்காரர் என்று பல வீடுகளிலும் வேண்டுமென்றே குழம்பு வைத்தார்கள். எனக்கும் அப்போது கோபம்தான். ஆனால் அந்த ஏற்பாட்டை யாரும் அவர்கள்மேல் திணிக்கவில்லை, அவர்களே பேசி எடுத்த முடிவு. அதனால் அங்கே போகும்முன் எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதை மாட்டீர்கள் என்று வீட்டிலேயே பேசிவிட்டுப் போங்கள்.

அதற்கும் மேலே, 2015 முதல் இதற்கென்றே ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை இழப்பீடு தரச் சொல்லலாம், சத்தத்தை நிறுத்தச் சொல்லி ஆணையும் போடலாம். 2024-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2025 ஏப்ரலில் தெம்பனிஸ் வட்டாரத்தில் சமூக உறவுகள் பிரிவு என்று ஒன்று முன்னோடித் திட்டமாக வந்தது, மிக மோசமான சத்த வழக்குகளை அதன் அதிகாரிகள் நேரில் விசாரிப்பதற்கு. நாற்காலிக்காக அவ்வளவு தூரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சில சத்தங்களுக்குப் புகார் கொடுக்கவே நினைக்காதீர்கள். கீழ்த்தளத்தில் சீனர் வீட்டுச் சாவு என்றால் மூன்று, ஐந்து நாள் மேளமும் மந்திரமும் இருக்கும். மலாய்க் கல்யாணம், சீனர்கள் இறந்தவர்களுக்காக நடத்தும் ஏழாம் மாதக் கூத்து எல்லாம் அந்த வகை. பக்கத்து வீட்டில் மராமத்து என்றால் நேரக் கட்டுப்பாடு உண்டு. சுவர் இடிப்பது, ஓடு உடைப்பது போன்ற பெருஞ்சத்த வேலைகள் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி ஞாயிறில் கூடாது. மீறினால் வீவகவிடம் சொல்லலாம்.

எதுவும் ஒத்துவரவில்லை, வீடு மாறுவது என்று முடிவெடுத்தால், அடுத்த வீட்டை இரவு ஒன்பதுக்குமேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஏஜென்ட் பகலில்தான் காட்டுவார், நீங்கள் வற்புறுத்திக் கேளுங்கள். ஈசூனில் எம்ஆர்டி ரயில் மேம்பாலத்தில்தான் ஓடுகிறது, படுக்கையறை தண்டவாளத்தைப் பார்க்கிறதா என்று பாருங்கள். இப்போதைய ஒப்பந்தத்தில் இடையில் காலி செய்தால் டெபாசிட் என்னாகும் என்ற பக்கத்தையும் இன்றைக்கே எடுத்துப் படித்துவிடுங்கள்.