11 நாளில் 5 நாடுகள்

வணக்கம் சார்,

சென்ற மாதம் கணவரோடு ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்து ஐரோப்பா போய்வந்தேன். 11 நாளில் 5 நாடுகள். பார்ப்பவர்கள் எல்லாம் "எப்படி இருந்தது?" என்கிறார்கள். "பிரமாதம்" என்று சொல்லிவைக்கிறேன். உண்மையில் பாதி நேரம் பேருந்தில் தூங்கினேன். மோனா லிசா முன்னால் அரை நிமிடம்கூட நிற்கவிடவில்லை. விமான நிலைய வரிசையில் கால் கடுத்ததுதான் நன்றாக ஞாபகமிருக்கிறது. மனதுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பாரிஸில் பேருந்து பழுதாகி, இரண்டு மணி நேரம் பக்கத்திலிருந்த சின்னப் பூங்காவில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வருடம் இன்னும் நான்கு நாடுகள் என்கிறார் கணவர். எனக்கோ பாரிஸுக்கே மறுபடி போய்ச் சும்மா இருக்கலாம் போலிருக்கிறது. இவ்வளவு செலவழித்துவிட்டு இப்படித் தோன்றுவது நன்றிகெட்டதனமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

அதெல்லாம் இல்லை. உங்கள் பயணத்தில் யாரும் திட்டமிடாமல் நடந்தது அந்தப் பேருந்து பழுதானது மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதுதான் பிடித்தது என்றால் குறை உங்களிடம் இல்லை, திட்டத்தில் இருக்கிறது.

அந்தத் திட்டத்துக்குச் சுற்றுலாக் குழுவை மட்டும் திட்டிப் பயனில்லை. தனியாகப் போகிறவர்களும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சம நாள் என்றால் முதலில் கால்வைக்கும் நாட்டிடம். ஆகவே கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே எந்த இரவு எந்த ஊரில் என்று எழுதி, தங்குமிடப் பதிவையும் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டையும் இணைத்து, வங்கிக் கணக்கையும் காட்டியாக வேண்டும். ஓர் அதிகாரியை நம்பவைக்க எழுதிய தாள் அது. விசா கையில் வந்ததும் அதுவே நம்மை மேய்க்க ஆரம்பித்துவிடுகிறது.

நீங்கள் தூங்கியதில் ஆச்சரியமே இல்லை. உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்துகொடுக்கும். நேர வித்தியாசம் நான்கைந்து மணி என்றால் சரியாவதற்கே பாதிப் பயணம் முடிந்துவிடும். கிழக்கே போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். நம் உள்கடிகாரத்தின் ஒரு நாள் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் நாளை நீட்டச் சொன்னால் கேட்கும், சுருக்கச் சொன்னால் முரண்டுபிடிக்கும். உங்கள் உடம்பு முதல் ஊருக்கு வந்து சேர்வதற்குள் குழு மூன்றாவது நாட்டுக்குப் போயிருக்கும்.

வரிசைக்கு என்னிடம் மருந்தில்லை. முதல் உலகப் போருக்கு முன்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வந்தார்கள். போருக்காகக் கொண்டுவந்த கெடுபிடி, போர் முடிந்தும் போகவில்லை. 1920இல் பாரிஸில் மாநாடு கூட்டி, எல்லா நாடுகளுக்கும் ஒரே மாதிரி பாஸ்போர்ட்டைப் பரிந்துரைத்தார்கள். பின்னாளில் இதை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அப்போது இருந்தது. நூறு வருடம் தாண்டியாயிற்று. கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து ஒருவர் "எத்தனை நாள்? எங்கே தங்குகிறீர்கள்?" என்று கேட்டால் எனக்கு இன்றும் நாக்கு குழறுகிறது. ஏதோ கடத்திக்கொண்டு வந்தவன் மாதிரி.

மோனா லிசாவுக்கு வருகிறேன். 77 சென்டிமீட்டர் உயரம், 53 அகலம். அவ்வளவுதான் படம். அதுவும் கண்ணாடிக்குப் பின்னால். ஏற்கெனவே ஆயிரம் தடவை பார்த்த ஒன்று அங்கேதான் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு வருகிறோம். அதே கூடத்தில் எதிர்ச்சுவரில் வெரோனீஸ் என்ற ஓவியர் 1563இல் வரைந்து முடித்த, பைபிளில் வரும் கானா ஊர்த் திருமண விருந்து தொங்குகிறது. கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். வெனிஸில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்ததை 1797இல் நெப்போலியனின் படை எடுத்துக்கொண்டு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள், நடுவில் வாத்தியக்காரர்கள், நாய்கள், ஓரத்தில் ஒரு ஜாடியைப் பிறாண்டும் பூனை. இரண்டு படங்களும் இருக்கும் லூவர் அருங்காட்சியகத்திலேயே மிகப் பெரிய ஓவியம் அதுதான். கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை, கூட்டத்தில் திரும்பிப் பார்க்கக்கூட இடம் கிடைத்திருக்காது.

நான் வெளிநாடுகளில் சந்தோஷமாக இருந்த நேரங்கள் எதுவும் நுழைவுச்சீட்டு வாங்கிப் போன இடங்களில் நேரவில்லை. லிஸ்பனில் ஒரு மழைநாள், காசு போட்டால் இயந்திரமே துவைத்துத் தரும் சலவைக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பாட்டி என் துணிக் குவியலைப் பார்த்தார், ஏதோ திட்டினார், வெள்ளைச் சட்டைகளைப் பொறுக்கி என் கையில் திணித்தார். பிறகு அவருடைய போர்வை உலர்ந்து வந்ததும் இரண்டு முனைகளை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரே போய் நின்றார். இருவரும் உதறினோம், மடித்தோம், கிட்டே வந்தோம், மறுபடி மடித்தோம். நான் கொஞ்சம் கோணலாகப் பிடித்தபோது தலையை ஆட்டிச் சரிசெய்ய வைத்தார். போகும்போது நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த ஊரில் நானும் ஓர் ஆளாக இருந்த அரைமணி நேரம் அது. ஒரே ஊரில் நாலைந்து நாள் தங்கி அழுக்குத்துணி சேர்ந்தால்தான் இப்படியெல்லாம் நடக்கும். தினமும் காலையில் பெட்டி கட்டுகிறவர்களுக்கு நடக்காது.

சரி, செலவு. காசு கொடுத்தாயிற்று, எல்லாவற்றையும் பார்த்தே ஆகவேண்டும் என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் பேருந்தில் தூங்கிய மணிகளுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தீர்கள்? அந்தக் கணக்குப்படி பார்த்தால் பூங்காதான் மலிவு.

பாரிஸுக்கே மறுபடி போங்கள். கணவரோடு சண்டை வேண்டாம். நாடுகளை எண்ணுவதும் ஒரு சந்தோஷம்தான், அதைக் கேலி செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பாரிஸில் அறையெடுத்துத் தங்கிக்கொண்டே அவர் காலையில் ரயிலேறி பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் போய் இரவு திரும்பிவிடலாம், விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். பாஸ்போர்ட்டை மட்டும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். அவர் கணக்கில் ஒரு நாடு ஏறிவிடும், உங்களுக்கு ஒரு பகல் முழுக்க மிச்சமாகும்.