ரூல் 38-ல் ஊருக்கு வந்தால் சீனியாரிட்டி என்னவாகும்?

வெளிமாநிலத்தில் போஸ்டல் அசிஸ்டென்டாக இருக்கும் மகளை ரூல் 38 டிரான்ஸ்ஃபரில் (அஞ்சல் துறையில் சொந்த விருப்பத்தின் பேரில் வேறு கோட்டத்துக்கு மாறுவது) ஊர்ப்பக்கம் வரச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். சொல்லலாம். ஆனால் அதற்காக அவர் எழுதிக் கொடுக்கும் சம்மதத்தை நன்றாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மாறுதல் உத்தரவு போடும் தேதியில் புதிய கோட்டத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் கீழே, தேர்வாகி இன்னும் வேலையில் சேராதவர்களுக்கும் கீழேதான் கிரேடேஷன் லிஸ்டில், அதாவது சீனியாரிட்டி பட்டியலில், அவர் பெயர் வரும். எட்டு வருட சர்வீஸ் இருந்தாலும் போன மாதம் சேர்ந்தவருக்கு அவர் ஜூனியர்.

அநியாயமாகத் தோன்றும். அந்தக் கோட்டத்தில் எல்.எஸ்.ஜி.க்காக (போஸ்டல் அசிஸ்டென்டுக்கு அடுத்த பதவி உயர்வு) வருடக்கணக்கில் காத்திருப்பவர் பக்கம் நின்று பார்த்தால், விதியில் நியாயம் இருக்கிறது. கல்யாணத்தால் ஊர் மாறும் பெண்களுக்கு அது கொடுமையாக இருக்கிறது என்பதும் உண்மை.

போவது சீனியாரிட்டி மட்டும்தான், சர்வீஸ் போகாது. பதவி உயர்வுக்கான தகுதியைப் பார்க்கும்போது பழைய இடத்துச் சர்வீஸும் சேரும் என்று பொன்னப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எம்.ஏ.சி.பி. என்ற சம்பள உயர்வுத் திட்டமும் அப்படித்தான்: பதவி உயர்வு வராவிட்டாலும் 10, 20, 30 வருடங்களில் சம்பள லெவல் 4-லிருந்து 5, 6, 7 என்று சம்பளம் ஏறும். அடுத்தடுத்து வரும் எல்.எஸ்.ஜி., எச்.எஸ்.ஜி. 2, எச்.எஸ்.ஜி. 1 பதவிகளின் லெவலும் இவைதான். ஆகவே பண நஷ்டம் நீங்கள் பயப்படும் அளவு இருக்காது. பொறுப்பான பதவிதான் தள்ளிப்போகும்.

இங்கே இரண்டு இடத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். வெளியூர் போட்டார்கள் என்று எல்.எஸ்.ஜி.யை மறுத்தால் அடுத்த எம்.ஏ.சி.பி.யும் நின்றுபோகும். இரண்டாவது, 2016 ஜூலை 25 முதல் எம்.ஏ.சி.பி.க்கு ஏ.பி.ஏ.ஆரில் (வருடாந்திரப் பணி மதிப்பீட்டு அறிக்கை) ‘வெரி குட்’ வேண்டும். வெறும் ‘குட்’ என்று வந்தால் நகல் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

மியூச்சுவலுக்கு, அதாவது இருவர் இடம் மாற்றிக்கொள்வதற்கு, ஆள் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள். சீனியாரிட்டி பட்டியலில் மாற்றிக்கொள்பவர் விட்டுப்போகும் இடம், மகள் ஆரம்பத்திலேயே அங்கே சேர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் இடம், இரண்டில் எது கீழோ அது மகளுக்கு. அதனால் மகள் சேர்ந்த வருடத்திலோ அதற்கு முன்போ சேர்ந்தவராகத் தேடுங்கள். ஜூனியரோடு மாற்றிக்கொண்டால் அவருடைய இடத்துக்கே இறங்க வேண்டியதுதான்.

வரிசையில் காத்திருக்க விருப்பமில்லை என்றால் இன்ஸ்பெக்டர் பதவிக்கான துறைத்தேர்வு இருக்கிறது. அதில் மதிப்பெண்தான் பேசும். மகளுக்குப் படிக்கும் மனமிருந்தால் டிரான்ஸ்ஃபர் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கட்டும்.