வாத்து வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி?

(பதில் சொல்பவர் தேவகோட்டைக்காரர். ஹூஸ்டனில் 23 ஆண்டுகள் வேலை பார்த்து, பருவம் தவறாமல் வேட்டைக்குப் போய், இப்போது ஊரோடு வந்துவிட்டவர்.)

கேள்வி: அண்ணன், எனக்குச் சொந்த ஊர் கண்டனூர். ஹூஸ்டனில் வேலை. போன வருஷம் கிரீன் கார்டு வந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் வாத்து வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வாங்க வேண்டும். ஒருவர் கேஸ் என்கிறார், இன்னொருவர் இனர்ஷியா என்கிறார். கடைக்காரர் மூன்றரை அங்குலத் தோட்டா போடுவதைக் காட்டுகிறார். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, வேட்டையில் போடப்போகிற கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு, கண்ணை மூடித் தோளுக்கு ஏற்றுங்கள். கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் படிந்ததும் கண்ணைத் திறங்கள். குழலின் மேல்பட்டை ஒரே கோடாகவும் நுனியில் இருக்கும் மணி அதன் மேலேயும் தெரிந்தால் அது உங்கள் துப்பாக்கி. பின்பக்க இரும்பு கண்ணை மறைத்தால் கட்டை தாழ்வு. பட்டை முழுவதும் சாலை மாதிரி விரிந்து தெரிந்தால் உயரம். புதிய துப்பாக்கிகள் பலவற்றில் இதைச் சரிசெய்யச் சிறு தகடுகள் கூடவே வரும். கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். பறக்கிற பறவையைக் குறிபார்த்துச் சுட நேரம் இருக்காது. கண் பார்த்த இடத்துக்குக் குழல் தானாகப் போக வேண்டும். பொருந்தாத துப்பாக்கி பறவையைக் கொல்லாது, காயப்படுத்தும். காயத்தோடு நாணலுக்குள் போய்விட்ட வாத்தை இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்காமல் திரும்பிய நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, கேஸா இனர்ஷியாவா? கேஸ் வகையில், வெடித்த புகையில் கொஞ்சம் குழலில் உள்ள துளை வழியாக வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். சுட்டதும் தோளில் படும் உதை மெதுவாகப் பரவி வரும், தோள் வலிக்காது. கரி படியும், அதைத் துடைக்க வேண்டும். இனர்ஷியா வகையில், உதையில் துப்பாக்கி பின்னால் போகும்போது குழலின் பின்வாயை மூடும் போல்ட் நின்ற இடத்திலேயே நிற்க, நடுவில் ஒரு ஸ்பிரிங் இறுகி, பிறகு போல்ட்டைத் தள்ளும். கரி அதிகம் சேராது, எடை குறைவு, சேற்றுக்கும் குளிருக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் உதை சுள்ளென்று இருக்கும்.

என் முதல் துப்பாக்கி இனர்ஷியா. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் நெல்வயல்கள் உண்டு. அறுத்த தாளைப் பார்த்தால் நம் கண்மாய்க்குக் கீழே உள்ள வயல் நினைவுதான் வரும். விடியும் நேரம், டிசம்பர், வெள்ளை வாத்துகள் கூட்டமாக இறங்குகின்றன. சத்தம் கேட்கக் கூடாதென்று போல்ட்டைக் கையால் மெதுவாக மூடினேன். அது கடைசிச் சுற்றைத் திரும்பிப் பூட்டிக்கொள்ளவில்லை. விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். கூட்டம் தலைக்கு மேலே போயே போய்விட்டது. இந்த வகையில் போல்ட்டைத் தானாக அடித்து மூடவிட வேண்டும். முதல் துப்பாக்கிக்கு என் யோசனை கேஸ்தான். பெரெட்டா ஏ300 அல்டிமா, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4 இரண்டையும் தோளில் வைத்துப் பாருங்கள். இனர்ஷியாதான் என்றால் பெனெல்லி எம்2.

மூன்றரை அங்குலம் வேண்டாம். 1991-இல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு ஈயக் குண்டுகளைத் தடை செய்தார்கள். சேற்றில் விழுந்த ரவையைத் தின்று வாத்துகள் செத்தன. அதற்குப் பதில் எஃகு ரவைக்கு மாறினார்கள். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் ஈயத்துக்கு 11.3, எஃகுக்கு 7.8தான். லேசான ரவை வேகம் இழந்துவிடும் என்று பெரிய தோட்டாவைத் தேடினார்கள். இன்றைய மூன்று அங்குலத் தோட்டாவே வாத்துக்குத் தாராளம். காசு இருந்தால் பிஸ்மத் ரவை, அடர்த்தி 9.6. பெரிய தோட்டா தோளை இடித்து இடித்து, விசை இழுக்கும்போதே கண் மூடிக்கொள்ளும் பழக்கத்தைத் தந்துவிடும்.

வாத்துக்கு எஃகில் 2-ஆம் நம்பர் ரவை, மாடிஃபைடு சோக் (குழல் வாயை நடுத்தரமாகக் குறுக்கும் அமைப்பு), 28 அங்குலக் குழல். வாங்கியதும் 35 கஜத்தில் பெரிய அட்டை வைத்துச் சுட்டு, 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவை விழுகிறது, எங்கே ரவை விழாமல் இடைவெளி விடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்கு கம்பெனித் தோட்டாவை மாற்றிப் பார்த்தால் நான்கு விதமாக விழும்.

டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு படிக்க வேண்டும். மாநில லைசென்ஸ், நீர்ப்பறவை வேட்டைக்கான மத்திய அரசின் 25 டாலர் டக் ஸ்டாம்ப் வேண்டும். துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி உள்ளே அடைப்புக் கட்டை இருக்க வேண்டும், கழற்றிவிடாதீர்கள். உங்களுக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, சரி. எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் நண்பர்கள் வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு கையில் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவே கூடாது. அது மத்திய சட்டம்.

கேள்வி: மருமகளும் டல்லாஸில் மகனோடு போகிறேன் என்கிறாள். சின்ன உடம்பு. உதை தாங்குமா? – கோட்டையூரிலிருந்து ஒரு ஆச்சி

பதில்: தாங்கும் ஆச்சி. 20 கேஜ் (12 கேஜைவிடச் சின்னக் குழல்), கேஸ் வகை, குட்டைக் கட்டை வாங்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்: மகனின் 12 கேஜ் தோட்டாவும் அவள் தோட்டாவும் ஒரே பையில் இருக்கக் கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய்ச் சிக்கி நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். அதற்காகத்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

கேள்வி: மகன் தை மாதம் காரைக்குடி வருகிறான். ஐயா காலத்து இரட்டைக்குழல் லைசென்ஸோடு வீட்டில் இருக்கிறது. அங்கிருந்து எஃகுத் தோட்டா கொண்டுவந்தால் கண்மாயில் இரண்டு வாத்து, காட்டில் நாலு கௌதாரி பார்க்கலாமா?

பதில்: கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், கண்மாய் உங்கள் ஊருடையதாக இருந்தாலும். தோட்டாவையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். எஃகு ரவைக்காகச் செய்யாத பழைய குழல், வாய் குறுகும் இடத்தில் புடைத்துப் போகும். ஐயா கை பட்ட பொருள் அது, எண்ணெய் போட்டுத் துடைத்து வையுங்கள்.

மகனை வேட்டங்குடிக்குக் கூட்டிப் போங்கள். திருப்பத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். 1977-இலேயே சரணாலயம் ஆனது. பறவைகள் மிரளக் கூடாதென்று பக்கத்து ஊரான கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து வரும். டெக்சாஸ் கடலோரத்தில் நான் சுட்டதும் அதே இனம்தான். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் கரையில் நில்லுங்கள்.