கணினி கேள்வி–பதில்: கார்ட் வாங்க முன் பெட்டியைத் திறவுங்கள்

இந்த முறை கிராபிக்ஸ் கார்ட் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறோம். எந்தக் கார்ட் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் பவர் சப்ளையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் எங்களுக்கு முதலில் தெரிய வேண்டும். அடுத்த முறை எழுதும்போது பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, அந்த ஸ்டிக்கரைப் படம் பிடித்துக் கடிதத்தோடு அனுப்புங்கள்.

கொக்குவில் வாசகர்: பாவித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020 டவர் ஒன்று வைத்திருக்கிறேன். ஐ5-4570, 8 ஜிபி ராம். ஜிடிஏ 5, வலோரன்ட் இரண்டும் ஓடினால் போதும். ஆர்எக்ஸ் 580 பூட்டலாம், ஒரு வயர் மாற்றி போட்டால் சரி என்று கடையில் சொல்கிறார்கள். பூட்டலாமா?

பூட்ட வேண்டாம். அந்த வயர் மாற்றிதான் இதில் ஆபத்தான சாமான்.

உங்கள் டவரில் இருப்பது 290 வாட் பவர் சப்ளை. கிராபிக்ஸ் கார்டுக்கான 6 பின், 8 பின் வயர் அதில் கிடையாது. ஆர்எக்ஸ் 580 சுமார் 185 வாட் இழுக்கும். மதர்போர்டின் ஸ்லொட் தரக்கூடியது 75 வாட். மிச்சம் 8 பின் வயர் வழியாகத்தான் வரவேண்டும். கடையில் சொல்லும் மாற்றி, ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரில் இருந்து 8 பின் எடுக்கிறது. சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு இருப்பது மூன்று மெல்லிய ஊசிகள், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர். கணக்குப் போட்டால் 54 வாட். 8 பின்னில் இருந்து கார்ட் 150 வாட் வரை கேட்கலாம். முதல் நாள் ஓடும், ஒரு கிழமையும் ஓடும். பிறகு கேம் நடுவில் பிளாஸ்டிக் உருகும் மணம் வரும்.

பெரிய பவர் சப்ளை ஒன்றை மாற்றிப் போடலாமே என்று கேட்பீர்கள். இந்த மதர்போர்டின் பிரதான இணைப்பு வழக்கமான 24 பின் இல்லை, டெல்லின் சொந்த 8 பின். அதற்கு 24-இலிருந்து 8-க்கு மாற்றும் வயர் தனியாக வேண்டும். 2013ஆம் ஆண்டுப் புரொசெசருக்கு இவ்வளவு செலவு தகாது.

உங்களுக்குப் பொருந்துவது ஸ்லொட்டின் 75 வாட்டிலேயே ஓடும் கார்ட். பாவித்தது என்றால் ஜிடிஎக்ஸ் 1650, புதிது என்றால் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. பின்னதன் பாவனை 70 வாட். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அது 130 வாட் எடுக்கும், தனி வயர் கேட்கும். கடையில் '3050' என்று மட்டும் சொன்னால் போதாது, '6 ஜிபி' என்று கேளுங்கள். 1650-இலும் சில மாதிரிகளில் 6 பின் சொக்கெட் வைத்திருக்கிறார்கள். கார்டின் மேல் விளிம்பைக் கண்ணால் பார்த்து, சொக்கெட் இல்லாததாக எடுங்கள்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் வழிதான் பிசிஐ எக்ஸ்பிரஸ்; அதன் நான்கு பாதைகளை மட்டும் பாவிக்கும் கார்ட் இது. 4.0 தலைமுறைப் போர்டில் நான்கு பாதை சமாளிக்கும். உங்கள் டெல் டவரின் எச்81 சிப்செட் போர்டோ 2.0 தலைமுறை, பாதை ஒன்றின் வேகம் காற்பங்குதான். கார்டின் 4 ஜிபி நிரம்பியதும் மிச்சத்தை ராமில் இருந்து அந்த ஒடுங்கிய வழியால் இழுக்கும், கேம் விக்கி விக்கி நிற்கும்.

கார்ட் பூட்ட முன் இரண்டு வேலை. பயோஸை (கணினியை எழுப்பும் மதர்போர்ட் மென்பொருளை) கடைசிப் பதிப்புக்கு மாற்றி, யூஈஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் விண்டோஸ் ஏறுகிறதா என்று பாருங்கள். பழைய லெகசி முறையில் புதிய கார்ட் சில நேரம் படமே காட்டாது. 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக இருந்தால் அதே வேகத்தில் டிடிஆர்3 8 ஜிபி இன்னொன்று போடுங்கள். இரண்டு குச்சி சேர்ந்து ஓடும்போது விக்கல் குறைவது கண்ணுக்கே தெரியும்.

பருத்தித்துறை வாசகர்: ரைசன் 5 3600, பி450 போர்ட், 16 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 450 வாட் பவர் சப்ளை. 1080பி மொனிட்டர். ஆர்டிஎக்ஸ் 4060 போட்டால் புரொசெசர் ஈடுகொடுக்குமா?

பெரும்பாலான கேம்களில் ஈடுகொடுக்கும். நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் அதிகம் ஆடும் கேமில் ஒரே இடத்தில் நின்று எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசொலூஷனை 720பி-க்கு இறக்கி அதே இடத்தில் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் இவ்வளவு நாளும் இழுத்துப் பிடித்தது கார்ட். ஏறாமல் அப்படியே நின்றால் பிடித்தது புரொசெசர். அந்தக் கேமுக்குப் புதுக் கார்ட் போட்டும் பலன் இல்லை. உங்கள் 1050 டிஐ-யில் அநேகமாக ஏறும். அந்தக் கார்டுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 ஒக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. மாற்றும் நேரம்தான்.

4060 எடுப்பது 115 வாட். 3600 முழு வேலையில் 88 வாட் வரை போகும். போர்ட், ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 260 வாட் அளவில் நிற்கும். 450 வாட் தாராளம், அது உண்மையான 450 ஆக இருந்தால். ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற நிரலைப் பாருங்கள். 34 அம்பியர் என்று இருந்தால் 12 × 34 = 408 வாட், நல்லது. கேஸோடு இலவசமாக வந்த பவர் சப்ளைகளில் மேலே 450 என்று பெரிதாக அடித்து, 12 வோல்ட்டில் 18 அம்பியர் என்று சின்னதாக இருக்கும். அது 216 வாட்தான். அப்படி என்றால் இந்த மாதம் பவர் சப்ளை, அடுத்த மாதம் கார்ட்.

4060, ஆர்எக்ஸ் 7600 இரண்டிலும் கார்டின் நினைவகம் 8 ஜிபி. 1080பி-க்கு இன்றைக்குப் போதும். டெக்ஸ்சரை (கேமில் மேற்பரப்புகளின் படத் தரத்தை) ஆக உயரத்தில் வைத்தால் சில புதுக் கேம்களில் அந்த 8 ஜிபி முட்டும். கேமை மாற்றியமைக்கும் மொடிங், வீடியோ எடிட்டிங் என்று போகிறவருக்கு ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி இன்னும் பெறுமதியான கார்ட், ஆனால் 170 வாட். காசு இறுக்கம் என்றால் பாவித்த ஆர்எக்ஸ் 6600, 132 வாட், உங்கள் போர்டில் குறையில்லாமல் ஓடும். கார்டின் நீளத்தையும் பாருங்கள்: மூன்று ஃபேன் கார்ட் 30 சென்ரிமீற்றரைத் தொடும். கேஸின் பின் தகட்டில் இருந்து முன் ஃபேன் வரை அளவுநாடா பிடித்த பிறகு காசு கட்டுங்கள்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு தாய்: மகன் ஓ.எல். எழுதிவிட்டுக் கேம் கார்ட் கேட்கிறான். இணைய விளம்பரத்தில் பாவித்த 1050 டிஐ, 580 எல்லாம் போகிறது. ஏமாறாமல் வாங்குவது எப்படி?

அம்மா, விற்பவர் கார்டைத் தன் கணினியில் பூட்டி ஓட்டிக் காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். மகனையும் கூட்டிப்போங்கள், பென் டிரைவில் கார்டின் விபரம் காட்டும் ஜிபியூ-இசட், கார்டை முழு வேலையில் ஓட்டிப் பார்க்கும் ஃபர்மார்க் என்ற இரண்டு மென்பொருளையும் ஏற்றிக்கொண்டு.

பூட்ட முன் கையில் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் நீல நிற விஜிஏ சொக்கெட் இருக்கும் '1050 டிஐ' போலி. அந்தச் சிப்பில் விஜிஏ வெளியீடே கிடையாது. 2010–11 காலத்துப் பழைய சிப்பைப் பெயர் மாற்றி விற்கிறார்கள். ஜிபியூ-இசட் திறந்தால் ஷேடர் (சிப்பில் உள்ள சின்னக் கணக்கு அலகு) எண்ணிக்கை காட்டும். உண்மையான 1050 டிஐ-க்கு 768. போலிக்கு அநேகமாக 192. ஆர்எக்ஸ் 580-க்கு 2304 இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது 570-க்குச் சமமான கார்ட். போலி இல்லை, ஆனால் 570-இன் விலைதான் கொடுக்கலாம்.

ஆணிகளின் தலை சிதைந்திருக்கிறதா, சிப்பைச் சுற்றி மஞ்சள் பசை காய்ந்த கறை இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் கறை சிப்பைச் சூடாக்கி உயிர்ப்பித்ததன் அடையாளம். அப்படிப்பட்ட கார்ட் மாதக்கணக்கில்கூட நிற்காமல் போகலாம். செம்பு, ஈயப்பற்றுகளில் பச்சை பூத்திருந்தால் உப்புக் காற்றுப் பட்ட கார்ட், வேண்டாம்.

பிறகு ஃபர்மார்க்கைப் 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் புள்ளி, கோடு, நிறச் சதுரம் ஒன்றுகூட வரக்கூடாது. சூடு 80 பாகைக்குள் வந்து நின்றால் நல்லது. 85-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உள்ளே சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஃபேன் சுற்றாது. எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் ஒவ்வொன்றிலும் கேபிளைச் செருகிப் படம் வருகிறதா பாருங்கள். கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. இந்தச் சோதனையில் தேறினால் எடுக்கலாம்.

காரைநகர் வாசகர்: புதுக் கார்ட் போட்ட பிறகு, கேம் ஆடும்போது கரண்ட் நின்றால் யூபிஎஸ் இருந்தும் கணினி நின்றுவிடுகிறது. சும்மா இருக்கும்போது நிற்பதில்லை. கார்ட் பிழையா?

கார்டில் பிழை இல்லை. உங்கள் யூபிஎஸ் 650 விஏ என்று நினைக்கிறோம். விஏ வேறு, வாட் வேறு. 650 விஏ பெட்டிகள் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். கேமில் மொனிட்டரும் சேர்த்து அந்த எல்லைக்குக் கிட்டப் போகிறீர்கள். கரண்ட் நின்று பற்றரிக்கு மாறும் அந்த நொடியில், பழைய பற்றரியின் வோல்டேஜ் சரிந்து யூபிஎஸ் கையை விரித்துவிடுகிறது. முதலில் 12 வோல்ட் 7 ஏஎச் பற்றரியை மாற்றுங்கள். கார்டைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 80 வீதத்துக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் சிறிதளவே குறையும், இழுவையும் சூடும் நன்றாகக் குறையும். இதற்கும் சரிவராவிட்டால் 1000 விஏக்கு மேல் போக வேண்டும்.

நீங்கள் கடலோரம் என்பதால் இன்னொன்று. உப்பும் புழுதியும் சேர்ந்து ஈரம் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளோவரால் ஊதுங்கள், ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம். துரு, எரிந்த தடம், எறும்பு, பல்லி எல்லாம் உத்தரவாதத்துக்குள் வராது என்று கடைச் சீட்டுகளில் வழக்கமாகவே அடித்திருக்கிறார்கள்.

நெல்லியடி வாசகர்: கனடாவில் இருந்து வரும் சித்தப்பா கார்ட் வாங்கி வரலாமா? அங்கே 120 வோல்ட் அல்லவா?

கார்டுக்கு அது பிரச்சினை இல்லை, அதற்குப் போவது பவர் சப்ளையின் 12 வோல்ட் மட்டுமே. உத்தரவாதம்தான் கேள்வி: அங்கே வாங்கியதை இங்கே ஏற்கிறார்களா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உறை பிரிக்காமல், கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

சுன்னாகம் வாசகர்: கார்ட் பூட்டினேன், ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. மொனிட்டர் பழைய விஜிஏ.

மொனிட்டர் கேபிள் இன்னமும் மதர்போர்டின் சொக்கெட்டில் இருக்கிறதா? கார்டின் சொக்கெட்டுக்கு மாற்றுங்கள். புதிய கார்டுகளில் விஜிஏ இல்லாததால், உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றி வேண்டும். வெறும் ஊசி மாற்றும் சாமான் வேலை செய்யாது. அடுத்து 8 பின் வயர் 'டிக்' என்று பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். படம் வந்தபின், முன்பு வேறு கார்ட் இருந்திருந்தால், சேஃப் மோடில் டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளால் பழைய டிரைவரை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். அந்த நேரத்தில் இன்டர்நெட்டைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் தானாக ஒரு டிரைவரை ஏற்றிவிடும்.