‘ஐ ஆம் கான்ஃபிடென்ஸ்’ என்று வாயில் வருவது ஏன்?

கேள்வி: பி.காம். முடித்தவள் நான். கல்யாணமாகி ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டு, போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கடைக்கு பில்லிங் வேலைக்காக இன்டர்வியூ போனேன். ‘ஐ ஆம் வெரி கான்ஃபிடென்ஸ், ஐ ஆம் பேஷன்ஸ்’ என்று சொன்னேன். எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்ன பிறகுதான் தப்பு புரிந்தது. எது நவுன், எது அட்ஜெக்டிவ் என்று மனப்பாடம் செய்யாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா, அக்கா?
- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்:

அன்புத் தங்கச்சி,

வேலை கேட்டு வந்தவரைப் பார்த்துச் சிரித்தது அவர்கள் செய்த தப்பு. அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வாக்கியம் தமிழிலிருந்து வந்தது. எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம்.

வீட்டில் நாம் எப்படிப் பேசுகிறோம்? ‘சாப்பாடு டேஸ்ட்டா இருக்கு’, ‘அந்த வளைவு டேஞ்சரா இருக்கு’, ‘காலையிலேர்ந்து டென்ஷனா இருக்கேன்’. டேஸ்ட், டேஞ்சர், டென்ஷன் மூன்றும் இங்கே நவுன், அதாவது பெயர்ச்சொல்தான். தமிழுக்கு அதனால் ஒரு சிரமமும் இல்லை, பெயரோடு ஓர் ‘ஆ’ சேர்த்தால் போதும். ‘சாம்பார் உப்பால்லா இருக்கு’ என்று நம் ஊரில் சொல்லும்போது உப்பு என்ற பொருளே சாம்பாரின் குணமாகிவிடுகிறது. இங்கிலீஷில் அந்த ‘ஆ’ கிடையாது. சொல்லே உருமாற வேண்டும்: டேஸ்ட் டேஸ்ட்டி ஆகும், டேஞ்சர் டேஞ்சரஸ் ஆகும், டென்ஷனுக்கு டென்ஸ். நாமோ மனதுக்குள் தமிழில் வாக்கியத்தைக் கட்டி, ‘ஆ’வை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை இங்கிலீஷில் சொல்கிறோம். ‘ஃபுட் இஸ் டேஸ்ட்’ அப்படி வந்ததுதான். உங்கள் ‘ஐ ஆம் கான்ஃபிடென்ஸ்’ஸும் அப்படித்தான்.

இதைக் கவனித்து எழுதியவர் நம் பக்கத்திலேயே இருந்தார். இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல், 1856-ல் வெளிவந்த தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் அட்ஜெக்டிவ் போல நிற்பவை பண்பைச் சொல்லும் பெயர்களே என்கிறார். ஐ, கு மாதிரி உருபு எதுவும் ஏற்காமல் இன்னொரு பெயருக்கு முன்னால் போய் நிற்பதால்தான் அவற்றுக்கு அந்த வேலை கிடைக்கிறதாம். தங்க வளையல், மரப் பெட்டி என்று நாம் சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

சரி, கண்டுபிடிக்கும் வழிக்கு வருவோம். அதற்கும் தமிழே உதவும். சொல்ல நினைப்பதை முதலில் தமிழில் முழுசாகச் சொல்லுங்கள். ‘பொறுமையை இழந்தேன்’, ‘பொறுமைக்குப் பலன் கிடைத்தது’ என்று ஐ, கு, ஆல் மாதிரி வேற்றுமை உருபு ஒட்டினால் நவுன், அதாவது பேஷன்ஸ். ‘பொறுமையான பொண்ணு’, ‘பொறுமையா இருக்கேன்’ என்று ‘ஆன’ வந்தாலும், ‘ஆ’வுக்குப் பின் ‘இரு’ வந்தாலும் அட்ஜெக்டிவ், அதாவது பேஷன்ட். ‘பொறுமையாப் பேசினேன்’ என்றால் அது பேஷன்ட்லி, வேறு வகை. இன்னொன்று: தமிழில் ‘எனக்கு நம்பிக்கை இருக்கு’ என்று வந்தால் ‘ஐ ஹேவ் கான்ஃபிடென்ஸ்’ என்று நவுனையே வைக்கலாம். ‘நான் நம்பிக்கையா இருக்கேன்’ என்றால் ‘ஐ ஆம் கான்ஃபிடென்ட்’. பசி, தாகம் மாதிரிச் சில சொற்கள் இதற்கு அடங்காது. நமக்கு ‘எனக்குப் பசி’, அவர்களுக்கு ‘ஐ ஆம் ஹங்க்ரி’.

சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்தும் நிறைய கண்டுபிடிக்கலாம். ஜோடியாக வரும் சொற்களில், டிஃபரென்ட், இம்பார்ட்டன்ட், சைலன்ட் என்று ‘ன்ட்’டில் முடிபவை அட்ஜெக்டிவ். டிஃபரென்ஸ், இம்பார்ட்டன்ஸ், சைலன்ஸ் என்று ‘ன்ஸ்’ஸில் முடிபவை நவுன். கைண்ட்னஸ், ஹாப்பினஸ் என்பதில் வரும் ‘னஸ்’ நம் ‘மை’தான். இனிய, இனிமை, நல்ல, நன்மை. பள்ளிக்கூடத்தில் ‘செம்மை + மண் = செம்மண்’ என்று பிரித்து எழுதினோமே, அப்போதே பண்புப்பெயரிலிருந்து ‘மை’யைக் கழற்றி மண்ணுக்கு அடையாக்கக் கற்றுவிட்டோம். சாத்தான்குளம் பக்கத்துத் தேரியை, அந்தச் சிவப்பு மணல்மேட்டை, செம்மண் என்கிறோம், செம்மை மண் என்று யாரும் சொல்வதில்லை.

மோசம் செய்வது ‘இ’ ஓசையில் முடியும் சொற்கள். சால்ட், சால்ட்டி, லக், லக்கி, ஹெல்த், ஹெல்தி. இவற்றில் ‘இ’ சேர்ந்தது அட்ஜெக்டிவ். ஹானஸ்ட், ஹானஸ்டி, டிஃபிகல்ட், டிஃபிகல்ட்டி, சேஃப், சேஃப்டி. இவற்றில் ‘இ’ சேர்ந்தது நவுன். ஓசையை நம்பவே முடியாது. இங்கே முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். வெரி ஹானஸ்ட் நிற்கும், வெரி ஹானஸ்டி நிற்காது. வெரி சால்ட்டி நிற்கும், வெரி சால்ட் நிற்காது. நீங்கள் ‘வெரி கான்ஃபிடென்ஸ்’ என்று தொடங்கிய இடத்திலேயே இந்தச் சோதனை உங்களை நிறுத்தியிருக்கும்.

அப்படியானால் பியூட்டி பார்லர், சேஃப்டி பின் எப்படிச் சரி என்று மகள் கேட்கலாம். அழகு நிலையத்துக்கும் அழகான நிலையத்துக்கும் என்ன வித்தியாசமோ, அதேதான் அங்கும். அழகுக்காக இருக்கும் இடம் அழகு நிலையம். இடமே அழகாக இருந்தால்தான் அது பியூட்டிஃபுல்.

கடைசியாக, அந்த ‘பேஷன்ஸ்’. பொறுமை என்ற பேஷன்ஸும் நோயாளிகள் என்ற பேஷன்ட்ஸும் காதுக்கு ஒரே மாதிரிதான் விழும். ‘ஐ ஆம் பேஷன்ட்’ என்று திருத்தினாலும், அதுவே நோயாளிக்கும் பெயர் என்பதால் கேட்பவர் ஒரு நொடி தடுமாறலாம். அடுத்த இன்டர்வியூவில் இப்படிச் சொல்லுங்கள்: ‘ஐ ஆம் பேஷன்ட் வித் கஸ்டமர்ஸ்’. பில்லிங் கவுன்ட்டரில் அவர்களுக்கு வேண்டியதும் அதுதானே.