கணவர் வீட்டிலேயே கார் வேலை பார்க்கிறார். கார் பற்றி ஒன்றும் தெரியாத நான் அவருக்கு உதவ முடியுமா?

தாராளமாக முடியும். சில வேலைகளை இரண்டாவது ஆள் இல்லாமல் அவரால் ஒழுங்காக முடிப்பதே கஷ்டம். ஆனால் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற எடுபிடியாக மட்டும் போய் நிற்காதீர்கள். இப்போது என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குச் சொல்லப் பொறுமை இல்லை என்றால், சொல்லும் வரை இடத்தை விட்டு அசையாதீர்கள்.

எங்களுடையது 2009 மாடல் ஆல்ட்டோ. கோவையில் வீட்டு போர்டிகோவில்தான் அதற்கு வைத்தியம். இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் அவர் தனியாகவே பார்த்துக்கொள்வார், என்னைத் தேடவும் மாட்டார். பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டும் என்றால் மட்டும் நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போயாக வேண்டும்.

பிரேக் லைனை, அதாவது பிரேக் ஆயில் போகிற குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். ஆயிலை அழுத்தினால் அது சுருங்காது, காற்று சுருங்கும். நாம் மிதிக்கிற விசை சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும், பெடலும் மெத்தென்று உள்ளே போகும். காற்றே புகாவிட்டாலும் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அதற்குரிய அளவு 155 டிகிரிதான். கொதித்து ஆவியானால் அதுவும் காற்று மாதிரிதான் சுருங்கும். ஊட்டி பக்கத்துக் கல்லட்டி மாதிரி இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்து வரும்போது இது விளையாட்டில்லை. அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம்.

வேலை இப்படி நடக்கும். இன்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுப்போம். ஜாக்கியை மட்டும் நம்பி அவரை அடியில் கையை விடக்கூட நான் அனுமதிப்பதில்லை. கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் தள்ளி வைப்போம், ஸ்டாண்டு நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம், எங்கள் வண்டியில் பின்பக்க இடது. சில வண்டிகளுக்கு வரிசை மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிலையும் காற்றையும் வெளியே விடுகிற சின்னத் திருகுதான் நிப்பிள். அவர் அங்கே அதில் ரிங் ஸ்பேனரை மாட்டி, மேலே உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூபைச் செருகி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைத்துக்கொண்டு உட்காருவார். நான் டிரைவர் சீட்டில்.

"மிதி" என்பார். மெதுவாக மூன்று நான்கு தடவை மிதித்து, கடைசியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிருக்கேன்" என்பேன். அவர் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். அந்த நொடியில் காலுக்கு அடியில் பெடல் வழுக்கிக்கொண்டு இறங்கும். முதல் தடவை திக்கென்று இருக்கும், அனிச்சையாகக் காலைத் தூக்கத் தோன்றும். தூக்கக்கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால் காற்று திரும்ப உள்ளே போகும், அதுவரை செய்ததெல்லாம் வீண். அவர் இறுக்கிவிட்டு "மூடியாச்சு" என்ற பிறகுதான் கால் மேலே வரும். பதில் வராமல் யாரும் அடுத்த வேலைக்குப் போவதில்லை. "ம்" என்ற பதிலை எங்கள் வீட்டில் தடை செய்தே விட்டோம்.

பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு சின்ன மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் அடிக்கடி ரப்பர் சீல் ஓடுகிற இடம் வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டிய பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கலாம். பெடலைத் தரை வரை அழுத்தினால் சீல் அங்கே போய்க் கிழிபடும், பிறகு ஏர் எடுக்க உட்கார்ந்தது மாஸ்டர் சிலிண்டர் செலவில் முடியும். ஆயில் டப்பாவைக் கவனிப்பதும் மிதிக்கிறவர் வேலைதான். அளவு அடிமட்டத்துக்குப் போனால் அந்த வழியாகக் காற்று போகும். நாலைந்து தடவைக்கு ஒருமுறை இறங்கிப் பார்த்து ஊற்றிவிடுவேன். பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட்டை அரித்துவிடும்.

டியூபில் குமிழி நின்றுவிட்டதா, டீ டிக்காஷன் நிறம் போய்த் தெளிந்த ஆயில் வருகிறதா என்பது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். பெடல் கெட்டியாகிவிட்டதா என்பது என் காலுக்குத்தான் தெரியும். அதனால் "போதும்" என்று முடிவு செய்வது இரண்டு பேரும் சேர்ந்துதான். அவர் டியூபைப் பார்த்துச் சரி என்று சொல்லி, பெடல் இன்னும் இறங்கினால், நான் இறங்கமாட்டேன். சில சமயம் முன்சக்கரத்துக்கு நான் போய்விடுவேன். அப்போது "மிதிங்க", "பிடிங்க" என்று நான் சொல்ல, அவர் சீட்டில் ரொம்பப் பணிவாக இருப்பார்.

இதைத் தவிர, இரண்டு பேர் இருந்தால் சுலபமாகும் வேலைகள் நிறைய. ஒருவர் ஸ்டீயரிங்கைச் சின்னதாக ஆட்ட, இன்னொருவர் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கலாம். மழைத் தண்ணீர் உள்ளே ஒழுகினால் ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்க, மற்றவர் உள்ளே கால்மிதியைத் தூக்கிவிட்டுப் பார்க்கலாம். பிரேக் லைட் எரிகிறதா என்று பார்ப்பதைச் சொல்லவே வேண்டாம்.

டார்ச் பிடிக்க மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடிக்கிறவர் பார்க்கிற இடத்தில் வெளிச்சம் விழும், வேலை செய்கிறவருக்கு வேண்டிய இடத்தில் விழாது. பாதி சண்டை அதில்தான். தலையில் மாட்டுகிற லைட் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருந்து, அதன் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால், சில மாடல்களில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது. அது ஒர்க்‌ஷாப் வேலை. வீட்டில் முடித்தாலும் நேராக ரோட்டுக்குப் போகாதீர்கள். முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பெடலை அழுத்தி அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் இறங்கி நிற்கும், அது மிதிக்கிற விசையைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டர் வேலை செய்வது. அதற்குப் பிறகும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, இல்லை மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. வண்டியை எடுக்க வேண்டாம். நான்கு நிப்பிளையும் துடைத்து, யாராவது ஒருவர் மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே எடுக்கலாம்.