"கர்த்தருக்கு ஒரு திட்டம் உண்டு" என்று கேட்டாலே கோபம் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?

கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ், சபையில் பார்ப்பவர்கள் எல்லாம் "கர்த்தருக்கு ஒரு திட்டம் உண்டு" என்கிறார்கள், ஆறுதலுக்குப் பதில் கோபம்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விசுவாசம் போகவில்லை. இல்லாத ஒருவரோடு யாரும் இவ்வளவு கோபிக்கமாட்டார்கள்.

நான் திருகோணமலை, மெதடிஸ்த சபை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை, சனம் ஆராதனைக்கு வெளிக்கிடுகிற நேரத்தில்தான் கடல் வந்தது. நிலாவெளியில் கலியாணம் கட்டியிருந்த என் அக்காவின் மூத்த மகன் போய்விட்டான். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அவர் காரணமில்லாமல் எடுக்கமாட்டார் பிள்ளை" என்று தொடங்கிவிடுவார்கள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பக்கத்து வளவு மாமி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அவர் சைவம். பின்னேரத்தில் பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்கா குடித்து முடிக்கும்வரை நிலத்தில் குந்தியிருப்பார். வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் அப்படித்தான் வாய் திறக்காமல் தரையில் இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் வினை. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டதும் அவரோடு வழக்காடிய யோபை அல்ல, அவருக்காக நியாயம் பேசிய அந்த மூவரையும்தான்.

சில மாதம் கழித்து சபையில் சாட்சி நேரம். அன்றைக்கு ஆராதனைக்கு வந்தபடியால் கர்த்தர் தன் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்று ஒருவர் அழுதழுது சொன்னார். உண்மையான நன்றி அது, குறை சொல்லமாட்டேன். எல்லோரும் ஆமென் சொன்னோம். அக்கா என் காதுக்குள் கேட்டார்: "அப்ப என்ர பிள்ளையை அவர் காணேல்லையோ?"

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசு எடுத்துப் பேசுகிற இடம் லூக்கா 13இல் வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறார். ஆனால் கோபுரம் ஏன் விழுந்தது என்று அவரும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நம் சபை ஆட்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம்.

திட்டம் என்றதும் எல்லோரும் யோசேப்பைத்தான் இழுப்பார்கள். சரி, அந்தக் கதையையே பார்ப்போம். 17 வயதில் அண்ணன்மார் குழிக்குள் போட்டு, பிறகு விற்றுவிடுகிறார்கள். எகிப்து ராஜா பார்வோன் முன்னால் நிற்கும்போது வயது 30. அதற்குப் பிறகு ஏழு வருட விளைச்சல், இரண்டு வருடப் பஞ்சம். அப்புறம்தான், தானியம் தேடி வந்த அண்ணன்மாரிடம் "உங்களை உயிரோடு காக்கக் கடவுள் என்னை முன்னே அனுப்பினார்" என்கிறார். குழியில் விழுந்து 22 வருடம்! சொன்னதும் யோசேப்புதான். குழியின் விளிம்பில் நின்றுகொண்டு வேறு யாரும் உள்ளே பார்த்துச் சொல்லவில்லை. பிறகு தகப்பன் இறந்தபோதும், அண்ணன்மார் செய்ததைத் தீமை என்றே சொல்கிறார், பூசி மெழுகவில்லை.

இன்னொன்று, காலண்டரிலும் ஓட்டோக் கண்ணாடியிலும் இருக்கிற எரேமியா 29:11. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட சனத்துக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் வருவது. நன்மைக்கான நினைவுகள் என்று வரும் அந்த வசனத்துக்கு முந்தைய வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. பாபிலோனில் 70 வருடம் ஆகும் என்கிறது அது. கடிதம் வாசித்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். இரண்டே வருடத்தில் எல்லாம் சரிவரும் என்று அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி சொன்னான். சனத்துக்குப் பிடித்திருக்கும். அது பொய்யாகப் போனது. இன்றும் ஜெபக்கூட்டங்களில் "இந்த மாதமே விடுதலை" என்பவர்களைக் கண்டால் எனக்கு அனனியாதான் ஞாபகம்.

அந்தக் கடிதம் சனத்தைச் செய்யச் சொன்னது, வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வை என்பதுதான். எங்கள் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ச் சனம் 2006இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து கிளிவெட்டிப் பக்கம் முகாம்களில் இருந்தபோது, தகரக் கொட்டிலைச் சுற்றி ஒரு முழ இடத்திலும் கத்தரியும் வெண்டியும் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். காணி விடுபட்டு ஊர் போகத் தொடங்க 2015 ஆகிவிட்டது. அவர்களில் அநேகர் எரேமியாவைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். ஆனாலும் கடவுளை நம்புவது என்று நான் இப்போது நினைப்பது அதைத்தான். நோக்கம் விளங்கவேண்டும் என்று காத்திருக்காமல், இன்றைய நாளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுவது.

ஜெபிக்கும்போது கோபத்தை மறைக்கவேண்டாம். சங்கீதம் 88ஐ வாசியுங்கள், முடிவில்கூட ஆறுதல் வராது. அப்படியொரு ஜெபமும் வேதத்துக்குள் இருக்க இடம் கிடைத்திருக்கிறது. அக்கா பல இரவு அதைத்தான் வாசித்தார்.

சபைக்குப் போவதை விடாதீர்கள். ஆனால் அடுத்த முறை யாராவது திட்டம் என்று ஆரம்பித்தால், "வருகிற டயாலிசிஸ் நாளில் கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரியில் அவரோடு இருக்கமுடியுமா அன்ரி, நான் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு வருகிறேன்" என்று கேளுங்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். ஒன்றிரண்டு பேர் வருவார்கள், அவர்களின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.